கிழக்கு முனையில் வெள்ளம்

எங்கள் மன்றத்தின் முழுப் பெயர் ஆற்றங்கரைத் தமிழர் நலன்பேணு மன்றம். சுவிசில் ஷ்லீரன் எண்ட ஊரில் ஒரு நாலுமாடிக் கட்டடத்துக்கு அடியில், குண்டு விழுந்தால் ஒளிக்கவென்று சுவிஸ்காரர் கட்டிவைத்த நிலவறைதான் மன்றத்தின் இடம். ஒரு சாண் தடிப்பில் இரும்புக் கதவு. உள்ளே பின்பக்க மூலையில் ஒரு கழிப்பறை. சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அங்கேதான் தமிழ் வகுப்பு. குண்டு ஒன்றும் விழாதபடியால் இருபது வருசமாக அந்த அறை அ, ஆ படிக்கத்தான் உதவியது.

பிறகு உலகப்போர் வந்தது.

மற்ற நாடுகள் படையைக் கூட்டின. எங்கள் மன்றம் பொதுக்கூட்டத்தைக் கூட்டியது. தலைவர் தவராஜா அண்ணை எழும்பி, "உலகம் எரியுது. நாங்கள் அ, ஆ எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறம்" என்றார். உடனே 'நாளாந்தப் போர்நிலவர அறிக்கைக் குழு' ஏகமனதாக அமைக்கப்பட்டது. ஏகமனதாக என்றால், பெண்கள் நாங்கள் குசினிப் பக்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற நேரத்தில்.

போர்நிலவரம் இரகசியமானது, அதற்கு இரும்புக் கதவு தேவை என்று குழு கண்டது. ஆகவே பிள்ளைகள் தற்காலிகமாக நடைவழிக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள். நடைவழியில் எதையும் வைக்கக்கூடாது என்று கட்டடப் பொறுப்பாளர் தாள் ஒட்டியிருந்தார். பதினொரு பிள்ளைகளும் 'எதையும்' என்பதற்குள் அடங்கியதால், அங்கிருந்து உடுப்புத் தோய்க்கும் அறைக்கு இடம்பெயர்ந்தார்கள். சனிக்கிழமை மூன்றாம் மாடி அம்மாவின் தோய்க்கும் முறை. அவவின் மெசின் சுழலும்போது சஜீதா ரீச்சரின் வாய் மட்டும்தான் அசையும். மெசின் நிற்கிற இடைவெளியில் விழுகிற எழுத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். என் மகள் ரிஷானிக்கு ஐந்து வயது. ஒரு மாதத்தில் அவள் பிடித்தது நாலு எழுத்து.

இனி குழுவின் வேலைமுறை.

உலகப்படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கக்கூடாது. உலகப்போருக்காகவும் அடிக்கக்கூடாதா என்று செயலாளர் சிவநேசன் அண்ணை கட்டடப் பொறுப்பாளருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். உலகப்போருக்காகவும் கூடாது என்று ஏழாம் நாள் பதில் வந்தது. ஆகவே படம் நிலத்தில் விரிக்கப்பட்டது. மன்றம் சுவிஸ் சட்டப்படி பதிந்தது, சுவிஸ் நடுநிலை நாடு, ஆகவே எந்த நாட்டின் பெயரையும் சொல்லக்கூடாது என்றும் முடிவானது. ஒரு பக்கத்துப் படைகளுக்கு மைசூர்ப் பருப்பு. மற்றப் பக்கத்துக்குப் பயறு. டாங்கிகள் கடலை. நீர்மூழ்கிகள் வெந்தயம். நீர்மூழ்கிகள் கடலுக்கு அடியில் இருக்கிறவை என்பதால், வெந்தயத்தைப் படத்துக்குக் கீழே போட்டார்கள்.

சிவநேசன் அண்ணை தினமும் இரண்டு சனல் பார்ப்பார். பருப்பு பத்துக் கிலோமீற்றர் முன்னேறியது என்று ஒன்று சொல்லும். ஆறு கிலோமீற்றர் பின்வாங்கியது என்று மற்றது சொல்லும். அண்ணை கூட்டிக் கழித்துப் பாதியாக்கி, இரண்டு கிலோமீற்றர் முன்னுக்குத் தள்ளுவார். அது அறிக்கையாகப் பாசலிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ள எங்கள் ஆக்களுக்குப் போகும்.

"அறிக்கை இலக்கம் 22. வடக்கு முனை: பருப்பு முன்னேற்றம். தெற்கு முனை: கடலை பலத்த சேதம். கடல் முனை: வெந்தயம் பற்றித் தகவல் இல்லை. வான் முனை: மேகமூட்டம்."

தெற்கு முனையில் கடலையைச் சேதமாக்கியது தவராஜா அண்ணை. வறுத்த கடலை.

சஜீதா ரீச்சர் ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு எங்களிடம் வந்தா. "வாற கிழமையும் அறை இல்லையெண்டால் நான் வகுப்பை நிப்பாட்டுறன். மெசினோட கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு" என்றா. தாய்மார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழுவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறவள் நான்தான். இரும்புக் கதவுக்கு உள்ளே போகத் தாய்மாரில் எனக்கு மட்டும்தான் அனுமதி.

தேத்தண்ணியை வைத்துவிட்டு, தட்டத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"என்ன பிள்ளை?" என்றார் தவராஜா அண்ணை.

"அண்ணை, பிள்ளையளின்ரை அறை... வகுப்பு நிண்டுபோம் எண்டு ரீச்சர்..."

"நாலு முனையிலை அடிபாடு நடக்குது. இந்த நேரம் அ, ஆ கேக்கிறீர். போர் எண்டால் என்னெண்டு உமக்குத் தெரியாது பிள்ளை."

அண்ணை எண்பத்து நாலிலேயே இங்கே வந்துவிட்டவர். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் பள்ளிக்கூடம் எனக்கு வன்னியில் பங்கருக்குள்தான். அந்த பங்கருக்கு இரும்புக் கதவும் இல்லை, மின்விளக்கும் இல்லை. ஆனால் நான் போர் ஆய்வாளர் இல்லைத்தானே. "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் கழிப்பறைப் பிரச்சினை முற்றியது. கழிப்பறை கிழக்கு முனைக்குப் பின்னால். ஒரு பிள்ளை போய்வரும்போது காலுறையில் ஒட்டி முந்நூறு பயறு வெளியேறிவிட்டது. 'பயறு அணி காரணமின்றிப் பின்வாங்கல்' என்று அன்றைய அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு குழு ஒரு படிவம் அடித்தது. பெயர், வயது, பயணத்தின் நோக்கம், 'ஒன்று / இரண்டு: பொருந்தாததை வெட்டவும்', தலைவர் ஒப்பம், செயலாளர் ஒப்பம்.

ரீச்சர் சொன்ன அந்தக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. மெசின் சுழன்றுகொண்டிருந்தது. ரிஷானி என் சட்டையை இழுத்து, "அம்மா, ஒண்டுக்கு" என்றாள்.

படிவத்தை நிரப்பி, இரண்டை வெட்டி, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். தலைவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"எந்த வழியாலை போறதாய் உத்தேசம்?"

"கழிப்பறைக்கு அண்ணை."

"அது தெரியுது. எந்த முனையாலை எண்டு கேக்கிறன்."

"கடல் முனையாலை விடலாம் தலைவர்" என்றார் சிவநேசன் அண்ணை. அவர் பாசலில் இருக்கிற குகநாதன் அண்ணையோடு தொலைபேசியில் நின்றார். அங்கத்தைய போர் ஆய்வாளர் குகநாதன் அண்ணைதான்.

"கடல் முனையிலை கீழை வெந்தயம் கிடக்கு. மிதிச்சால் நொருங்கும்" என்றார் தலைவர்.

"அப்ப மனிதாபிமானப் பாதை ஒண்டு திறப்பம். பருப்புக்கும் பயறுக்கும் நடுவிலை ஒரு அடி."

"ரெண்டு தரப்பின்ரை சம்மதமும் வேணுமே?"

"பருப்புக்கு நான் பொறுப்பு."

"பயறுக்கு?"

பயறுக்குப் பொறுப்பானவர் அன்று வேலை. அவருக்குப் போன் அடித்துப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. ரிஷானி ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு மற்றக் காலில் நின்றாள்.

"அண்ணை, பிள்ளை அந்தரப்படுறாள்."

"ஒப்பம் ஒண்டு விழுந்திட்டுது பிள்ளை. மற்றதுதான் மிச்சம். சிவநேசன், போனை வைச்சிட்டு வாரும்."

"குகநாதன் கிழக்கு முனை என்ன மாதிரி எண்டு கேக்கிறார்" என்றார் சிவநேசன் அண்ணை.

ரிஷானி என் கையை உதறிவிட்டு நடந்தாள். கிழக்கு முனை வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கேயே நின்றாள்.

முதலில் பயறு மிதந்தது. பிறகு பருப்பு. ஒரு மலைத்தொடர் மெதுவாக ஊறி நிறம் மாறியது. நான் துடைக்கத் துணி எடுத்தேன்.

"தொடாதையும்" என்றார் சிவநேசன் அண்ணை. "இன்னும் பதியேல்லை."

"என்னத்தை அண்ணை பதியிறது? பிள்ளை..."

"படத்திலை இருக்கிறது அறிக்கையிலை வரவேணும். மன்றத்து யாப்பு விதி, பிரிவு ஆறு. நாங்கள் ஒண்டை மறைச்சால் நாளைக்கு ஆர் எங்களை நம்புவினம்?"

தலைவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அறிக்கை இலக்கம் 41 உடனே போனது: "கிழக்கு முனையில் எதிர்பாராத பெருவெள்ளம். இரு தரப்புக்கும் பலத்த இழப்பு. வெள்ளம் சூடாக இருந்ததாகக் களத்தில் நின்றோர் தெரிவிப்பு."

களத்தில் நின்றது நான். காலுறையைக் கழற்றும்போது, "சூடாய்க் கிடக்கு" என்று என் பிள்ளைக்குச் சொன்னேன். அவ்வளவுதான்.

அரை மணித்தியாலத்தில் குகநாதன் அண்ணை பாசலிலிருந்து விளக்கம் தந்தார். வெள்ளம் சூடென்றால், அது மின்நிலையத்துக்குப் பக்கத்து அணை உடைந்ததாகத்தான் இருக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் ரொறன்ரோ அணையின் நீளத்தைச் சொன்னது. பின்னேரம், சிவநேசன் அண்ணை தினமும் பார்க்கிற சனலிலேயே செய்தி வந்தது: "சுவிஸ் வட்டாரங்களை ஆதாரம் காட்டி..."

"பாத்தீரே பிள்ளை" என்றார் அவர். "உறுதியாயிட்டுது."

அடுத்த நாள் நிலவறை நாறத் தொடங்கியது. 'வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பிரதேசம்' என்று குழு அதை அறிவித்து, ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்னறைக்கு மாறியது. கிழக்கு முனையை நான் சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன். படத்தைத் தூக்கியபோது வெந்தயம் எல்லாம் நன்றாக ஊறி முளைவிட்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் இன்னும் அறிக்கை வரவில்லை.

அறை பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்தது. சஜீதா ரீச்சரும் வந்துவிட்டா. போன சனிக்கிழமை தாய்மார் நாங்கள் சுவரோரம் வரிசையாகக் கதிரை போட்டு இருந்தோம். இரும்புக் கதவு பூட்டு. மெசின் சத்தம் இல்லை. ரீச்சர் கரும்பலகையில் 'ஈ' எழுதிவிட்டு, "இருவது தரம் எழுதுங்கோ" என்று சொல்லி, தானும் எங்களோடு வந்து இருந்தா. எல்லாருடைய போனிலும் ஒரே சனல்தான் ஓடியது. குகநாதன் அண்ணை அதில் பெரிய படத்தைக் காட்டி, தண்ணி எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்தது என்று உலகத்தில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. அந்தக் காலுறையை நான்தான் கையால் தோய்த்தேன். ஆனாலும் இத்தனை பேர், இத்தனை நாட்டிலிருந்து, அம்புக்குறி எல்லாம் போட்டுச் சொல்லும்போது, ஒருவேளை வேறும் ஒரு வெள்ளம் வந்திருக்கலாம்தானே.

யாரோ என் சட்டையை இழுத்தார்கள்.

"அம்மா, ஒண்டுக்கு."

"பொறு பிள்ளை" என்றேன். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டாவது அணையும் உடையப் போகுதாம்."