கணணையன என்கிற கண்ணையன்

அரசு அலுவலகத்தில் கையெழுத்தில்லாத தாள் அடுத்த மேசைக்குப் போகாது. நியாயமான ஏற்பாடு. கையெழுத்துள்ள தாளும் போகாது என்பது வேறு விஷயம். இந்த நியாயத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளும் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் அடியேன் சிவராமன். காரைக்கால் படகுப் பதிவுத் தனிப்பிரிவில் ஒப்பந்த புரோகிராமர். வருஷா வருஷம் ஜூன் மாதம் புதுப்பிப்பார்கள்.

2005இல் மீனவர்கள் படகைப் பதிந்து சீட்டு வாங்க ஒரு வெப்சைட் செய்தேன். சீட்டை அச்சடிக்க அதிலிருந்து ஒரு சின்ன புரோகிராம் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். கண்காணிப்பாளர் திருஞானசம்பந்தம் பொத்தானை அமுக்கினார். ‘இதை வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை’ என்று திரையில் எச்சரிக்கை வந்தது.

“யாருன்னு தெரியலையா? முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு.”

“உங்கள இல்ல சார். புரோகிராமுக்குக் கையெழுத்து இல்ல. கோட் சைனிங் சர்டிபிகேட்னு ஒண்ணு வாங்கணும்.”

“நீங்களே போட்டுடுங்களேன்.”

“நானே எனக்குப் போட்டுக்கிட்டா செல்லாது சார். நாம யாருன்னு விசாரிச்சு வெளியாள் ஒருத்தர் சான்று தரணும்.”

“அப்ப நொத்தேர் மாதிரி,” என்றார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் நோட்டரிக்கு நொத்தேர் என்று பெயர்; பத்திரத்தில் அவர் கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. உடனே கோப்பு திறந்தார்.

சான்று தரும் கம்பெனி, எங்கள் அலுவலகம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்டது. தேடினோம். ஐந்து மாதம் தேடியும் அப்படியொரு ஆதாரம் அகப்படவில்லை. கடைசியில், எங்கள் தண்ணீர்த் தொட்டியில் கொசு வளர்வதாகக் கண்டித்து வந்த நோட்டீஸை அனுப்பினோம். விலாசமும் தேதியும் முத்திரையும் அதில்தான் ஒழுங்காக இருந்தன.

சான்று வந்தது. கையெழுத்துப் போட்டேன். எச்சரிக்கை போய்விட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“இனிமே இதுல ஒரு புள்ளி மாறினாலும் கையெழுத்து செல்லாது சார். எவனும் கைவைக்க முடியாது.”

கண்காணிப்பாளர் நெகிழ்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தை அப்படியே சுற்றறிக்கையாக அடித்து, கையெழுத்துப் போடும் கம்ப்யூட்டர் சாவி இருந்த சி.டி.யைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறு வருஷம் மே இருபத்தாறாம் தேதி கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கண்ணையன் மனைவி அஞ்சுகத்தோடு வந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முப்பதாம் தேதி கடல் திறக்கிறது. சீட்டில்லாமல் படகு கிளம்பக் கூடாது. நாற்பது நாளாகக் கடலுக்குப் போகாத வீடு. முதல் சீட்டு அவருக்குத்தான். அச்சடித்துக் கொடுத்தேன்.

“தம்பி, இது யாருங்க, கணணையன?”

என் புரோகிராம் புள்ளிகளை விழுங்கியிருந்தது. சோதித்துப் பார்க்கவில்லையா என்பீர்கள். பார்த்தேன். ராஜா, ராதா, சீதா என்று புள்ளியே இல்லாத பெயர்களாகப் போட்டுப் பார்த்தேன். எனக்கென்று அப்படி ஒரு கைராசி.

கண்காணிப்பாளரிடம் ஓடினேன். “சார், சாவி வேணும். பத்து நிமிஷத்துல திருத்தி, புதுசா கையெழுத்துப் போட்டுடறேன்.”

“ஒரு புள்ளி கூட மாத்தக் கூடாதுன்னு சொன்னது யாரு? இவர் பேருக்கே ரெண்டு புள்ளி ஆகுதே.”

“புரோகிராம் தப்பு சார்.”

“தப்பான புரோகிராமுக்குக் கையெழுத்து எப்படி விழுந்துது?” சற்று யோசித்தார். “சரி. ‘தவறு என்னுடையது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இன்னைக்கே பாண்டிச்சேரி தலைமை ஆபீசுக்கு அனுப்பிட்டு சாவியைத் தரேன். உங்க ஒப்பந்தக் கோப்பும் இன்னைக்குத்தான் போவுது. ஒரே கட்டுல வச்சு அனுப்பிடலாம்.”

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

“சார், அதைவிட இவர் பேரை மாத்திக்கிறது சுலபம்.”

இதைச் சொன்னவர் கண்காணிப்பாளர் என்று எழுதத்தான் ஆசை. சொன்னவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

“எங்கப்பா வச்ச பேருங்க தம்பி,” என்றார் கண்ணையன்.

“கூப்பிடறப்ப பழையபடிதாங்க கூப்பிடுவாங்க. எழுத்துல மட்டும்தான்.”

அஞ்சுகம் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். “பள்ளிக்கூடத்துல எம் பேரை அஞ்சலைன்னு எழுதிட்டாங்க. அதனால சோறு எறங்காமயா போச்சு? கடல் தெறக்குது. கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வாங்க.”

பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு, அவரை நன்கறிந்த ஒருவரின் சாட்சி தேவைப்பட்டது. ‘இவரைப் பிறந்தது முதல் கணணையன என்ற பெயராலேயே அறிவேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு இருபத்தாறு. கண்காணிப்பாளர் பச்சை மையில் மேலொப்பமிட்டு, ‘கணணையன என்கிற கண்ணையன்’ என்று கடிதமும் கொடுத்தார். முப்பதாம் தேதி படகு கிளம்பியது.

ஜூன் மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதே வாரம் கண்ணையன் பெரிய கொடுவா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பி இல்லன்னா படகு கரையிலயே கெடந்திருக்கும்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மீனை வாங்கிக்கொண்டேன்.

அவருக்குப் பின்னால், பெயரில் புள்ளியுள்ள நாற்பது பேர் விண்ணப்பத்தோடு தயங்கி நின்றார்கள். கண்ணையன் அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“சும்மா வாங்கப்பா. தம்பி தங்கமானவரு. கையெழுத்துன்னா யோசிக்கவே மாட்டாரு.”