பெரிய வீட்டுக் கதவும் என் வாத்துக் கொட்டிலும்

அன்புள்ள ரோஸ்விதா அக்காவுக்கு,

கிரம்மிட்ஸிலிருந்து தம்பி ஹென்னிங் மரியாதையோடு எழுதிக்கொண்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்மணிக்குப் பயந்து நான் வாத்துக் கொட்டிலுக்குள் ஒளிந்துகொண்டேன். ஐம்பதைத் தாண்டியவன், ஊர்த் தீயணைப்புப் படைக்குத் துணைத்தலைவன். வாத்துகளே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. நீ சுகமா? அத்தானின் முட்டி மடங்குகிறதா? இங்கே உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. நான்தான் நன்றாக இல்லை.

பெரிய வீட்டை ஹாம்பர்க்கிலிருந்து வந்த அல்முட் அம்மா வாங்கியது உனக்குத் தெரியும். அந்த வீடு பட்ட பாடும் தெரியும். போர் முடியும்போது பண்ணையார் குதிரை வண்டியில் ஓடிப்போனார், நிலத்தைப் பங்கு போட்டு நம் தாத்தாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், வீட்டுக்குள் அறைக்கு ஒரு அகதிக் குடும்பம் அடுப்பு மூட்டியது, அப்புறம் பால்வாடி வந்தது, மளிகைக் கடை வந்தது, கூட்டுப்பண்ணை அலுவலகம் வந்தது, இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் எல்லாரும் போய் மழை மட்டும் குடியிருந்தது. இத்தனை காலத்தில் நம் ஊரில் ஒருவர்கூட அந்த வீட்டிலிருந்து திருடியதில்லை. வருகிற வழியில் எடுத்துக்கொண்டு வந்தோம், அவ்வளவுதான். யார் வீட்டுக்குப் போனாலும் காப்பிக் கோப்பையைப் பார்ப்போமே தவிர சாமானைப் பார்க்க மாட்டோம். அதுதான் கிரம்மிட்ஸ் மரியாதை. அதைத்தான் நான் கெடுத்தேன்.

தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில் ஊர்க்கூட்டம். அல்முட் அம்மா எழுந்தார். "பெரிய கூடத்துல முதல் விசேஷம் இந்த ஊர்ப் பொண்ணு கல்யாணமாத்தான் இருக்கணும். ஹென்னிங் மக வீப்கே கல்யாணத்தை அங்கயே வச்சுக்குவோம். ஆனா கூடத்துக் கதவு ரெண்டையும் காணோம். அக்டோபர்க் காத்துல பொண்ணோட முக்காடு பறந்துடும். யார்கிட்டயாவது இருந்தா வாசல்ல வச்சிட்டுப் போங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். கொட்டகையே தரையைப் பார்த்தது. நானும் பார்த்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "என்ன ஓட்டோகார் பெரியப்பா, உங்க ஆடெல்லாம் பண்ணையாரம்மா குளிச்ச தொட்டியிலதானே தண்ணி குடிக்குது? சோப்பும் போடுதா?" என்றேன். "ஹில்கே, உன் பன்னித் தொழுவத்துல நடனக்கூடத்துப் பளிங்குக் கல்லாச்சே, பன்னிங்க ஜோடி போட்டு ஆடுதா?" என்றேன். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரவர் முறை வந்தபோது ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பெரிய வீட்டு வாசலில் சாமான் குவிந்தது. பளிங்குக் கல், தொங்குவிளக்கு, மாடிப்படிக் கைப்பிடி. ஓட்டோகார் பெரியப்பா குளியல் தொட்டியை டிராக்டரில் ஏற்றி, என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மெதுவாக ஓட்டி, என்னையே பார்த்துக்கொண்டு போனார். எல்லாம் வந்தது. கதவு வரவில்லை. அது எங்கே இருக்கிறது என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும். அப்பா போனபிறகு நாம் பங்கு பிரித்தபோது ஒன்று உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையானது, மற்றது, மூன்று கொக்கு செதுக்கியது, என் வாத்துக் கொட்டிலுக்குக் கதவானது. ஊர் முழுவதையும் கிண்டல் செய்துவிட்டு நான் எந்த முகத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பேன்?

செவ்வாய்க்கிழமை அல்முட் அம்மா கையில் பிளம்ஸ் கேக்கோடு வருவதை ஜன்னலில் பார்த்தேன். ஓடிப்போய்க் கொட்டிலுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வீப்கே நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாது. "அப்பா கொட்டில்ல இருக்கார், வாங்க காட்டுறேன்" என்று கூட்டி வந்துவிட்டாள். அல்முட் அம்மா கதவைத் தட்டினார், அக்கா, மாளிகைக் கதவைத் தட்டுகிற மாதிரி, பதமாக.

"ஹென்னிங், உள்ள இருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"ஊர் மனசாட்சியைத் தட்டி எழுப்பினீங்க. நன்றி சொல்லலாம்னு வந்தேன். கேக்கை எங்க வைக்கட்டும்?"

"வெளியில வச்சிடுங்கம்மா."

அப்புறம் மரத்தின்மேல் விரல் ஊர்வது மட்டும் உள்ளே கேட்டது. கொக்கின் கழுத்தைத் தடவுகிறார் என்று புரிந்தது.

"கொட்டிலுக்கு நல்ல கதவு" என்றார். போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரித்துச் சமாளித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது?

வெளியே வந்தால் வீப்கே நிற்கிறாள். பிறந்ததிலிருந்து அந்தக் கதவைப் பார்த்தவள், அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி பார்த்தாள். "ஊரையே கிழிச்சியேப்பா. எல்லாரும் வெக்கப்பட்டுக் கொண்டுபோய்க் குடுத்தாங்க. நீ மட்டும் வாத்து நடுவுல உக்காந்திருக்க. ரெண்டு கதவும் அங்க மாட்டலைன்னா கல்யாணத்தன்னைக்கு நீ என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர வேணாம். ஓட்டோகார் தாத்தா கூட்டிட்டு வருவார்" என்றாள். கேலி பேசிப் பிழைக்கிற எனக்கு, அக்கா, முகத்தில் ஒட்டியிருந்த இறகைக்கூட எடுக்கத் தோன்றவில்லை. கேக்கை நான் தொடவில்லை. வாத்துகள் தொட்டன.

அதனால் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், அந்த மேசையைக் கொடுத்துவிடு. பதிலுக்கு யாருக்கும் சொந்தமாக இருந்திராத புது மேசை ஒன்று என் கையாலேயே செய்து தருகிறேன். அத்தானிடம் நீயே பதமாகச் சொல்லு. மறுத்தாலும் கோபமில்லை. பெற்ற மகள் இன்னொருவர் கையைப் பிடித்து நடப்பதைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டில் விறகும் வெண்ணெயும் குறையாமல் இருக்கட்டும். அத்தானின் முட்டி சொன்னபடி கேட்கட்டும்.

தலைகுனிந்த தம்பி,
ஹென்னிங்

பி.கு.: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். அஞ்சல்தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தான் வண்டியில் மேசையைக் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் இறங்கிவிட்டார். வீப்கே செவ்வாய்க்கிழமையே உனக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம், நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்களாம். ஒட்டிய அஞ்சல்தலை வீணாகக்கூடாதே என்று இதை அனுப்புகிறேன். பட்டப்பகலில் தெரு வழியாகத் தூக்கிப்போய் இரண்டு கதவையும் மாட்டியாகிவிட்டது. அத்தான் பசை போட்டு ஒட்டிய மேசைக்கால்களில் மூன்று கழன்றன. நாலாவது, சுத்தியலால் அடித்தும் அசையவில்லை, கூடத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அல்முட் அம்மா பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார். வீப்கே என் தலையிலிருந்து தொப்பியை எடுத்து அதில் மாட்டினாள். கால் கழன்று விழுந்தது.