புற்று மண்ணில் ஒரு கண்ணாடிச் சூளை

தர்மபுரம்,
ஆடி, 1994.

பெருமதிப்புக்குரிய மச்சான் முத்துலிங்கம் அவர்களுக்கு,

தங்கையின் கணவன் வீரகத்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுமாடும் சுகம். கிளிநொச்சியில் நீங்களும் பிள்ளைகளும், கோபித்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கும் என் மனைவி நாகேஸ்வரியும் சுகமாயிருக்கப் புளியம்பொக்கணை நாகதம்பிரானை வேண்டுகிறேன். என் வேண்டுதலுக்கு அவர் இப்போது காது கொடுப்பாரோ என்பது சந்தேகம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் தங்கையார் தன் பக்கக் கதையைச் சொல்லியிருப்பார். மறுபக்கம் இது. இந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் லாம்புக் கண்ணாடிச் சிமினி ஒன்று உடைந்தால் இன்னொன்று எங்கே கிடைக்கிறது? சிமினி இல்லாத விளக்கில் தைத்துத் தைத்து அவருக்குக் கண் எரிந்து நீர் வடிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. உடைந்த போத்தல்களை உருக்கிச் சிமினி ஊதினால் என்ன, ஊருக்கும் உதவுமே என்று ஒரு பெரிய சூளைக்குப் படம் கீறினேன். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்தவன் நான். வாய்க்காலில் தண்ணீரை ஓட்டியவனுக்குச் சூளையில் நெருப்பை ஓட்டத் தெரியாதா என்று ஒரு நினைப்பு.

கட்டுவதற்கு மாயாண்டியைப் பிடித்தேன். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கத்துக் காணியில் இருப்பவர், அட்டன் பக்கத்தில் பேக்கரிகளுக்குப் பாண் போறணை கட்டினவர். "பாண் வேகிற அடுப்புக்கும் கண்ணாடி உருகுற அடுப்புக்கும் என்னாங்க ஐயா பெரிய வித்தியாசம்? கொஞ்சம் கூட வெறகு போட்டா சரி" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. செங்கல்லுக்குக் குசினியின் பின்சுவரைக் கழற்றினோம். அதற்கு உங்கள் தங்கையார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வழியால் ஆடு வந்து அரிசியைத் தின்றபோதுகூட ஆட்டைத்தான் ஏசிப் பேசினார். சீமெந்து ஏது? நெருப்புக்கு நின்று பிடிப்பது புற்று மண்தான் என்றார் மாயாண்டி. புற்று இருப்பதோ எங்கள் வேலியோரத்தில், நாகதம்பிரானுக்கென்று உங்கள் தங்கையார் வெள்ளிதோறும் பால் வைக்கிற அதே புற்று. அவர் சங்கக்கடைக்கு நிவாரணம் எடுக்கப் போன நேரம் பார்த்து வெட்டினோம். உள்ளே பாம்பு இருக்கவில்லை மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். வந்து பார்த்தார். "நான் பால் வைக்கிற இடத்தில மண்வெட்டி வைச்ச மனிசனோட இருக்கமாட்டன்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கட்டின சூளையைப் பற்றவைக்காமல் விட மனம் வருமா? பாலை விறகை அடுக்கி எரித்தோம். எழும்பின புகையைக் கண்டு, குண்டு விழுந்துவிட்டதென்று அயலட்டை முழுக்கப் பங்கருக்குள் இறங்கிவிட்டது. பிறகு ஏறி வந்து என்னைப் பேசினதை இங்கே எழுத முடியாது. சூடு தணியத் திறந்தால், போத்தல்கள் உருகவேயில்லை. கலியாண வீட்டில் சாப்பிட்டுக் களைத்த ஆட்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தன. மிஞ்சின சூட்டை வீணாக்கக் கூடாதென்று மாயாண்டியின் மனைவி அமராவதி மாவைக் குழைத்துத் தகரத்தில் வைத்து உள்ளே தள்ளினார். ரொட்டி அருமையாக வெந்தது. ஆனால் நான் ரொட்டிக்கா சூளை கட்டினேன்?

மச்சான், வீடு வெறிச்சென்று கிடக்குது. என்னைப் பேச ஆளில்லாமல் சோறு தொண்டையால் இறங்குதில்லை. ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை சூளையை உடைத்து, அந்த மண்ணைப் பழைய இடத்திலேயே குவித்து, என் கையால் பாலும் வைப்பேன். மாயாண்டி வீட்டிலும் சொல்லிவிட்டேன். இதை எடுத்துச் சொல்லி எப்படியாவது உங்கள் தங்கையாரை அனுப்பிவையுங்கோ.

உங்கள் சிறுபோக வெள்ளாமை பழுதில்லாமல் வீடு வந்து சேரவேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சூளையை வெறுத்துவிட்ட
வீரகத்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் உங்கள் தங்கையார் வந்து இறங்கிவிட்டார். கிளிநொச்சிச் சந்தையில் அமராவதியைக் கண்டாராம். நான் சூளையை உடைக்கப்போகும் செய்தியை அமராவதி சொல்லியிருக்கிறார். பெட்டியையும் கீழே வைக்காமல் சூளைக்கு முன்னால் நின்று, "நாகதம்பிரான்ர மண்ணை ஒருக்கா உடைச்சது காணாதோ? திருப்பியும் உடைக்கப் போறியளோ?" என்று கேட்டார். இப்போது சூளைக்கு மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்தாயிற்று. இனி வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் பால். மற்ற நாட்களில் அவரும் அமராவதியும் அதில் பாண் போடப்போகிறார்களாம். ஆகையால் மேலே எழுதினது ஒன்றையும் கணக்கில் எடுக்காதேங்கோ. ஈஸ்ட் கிடையாது என்பதால் மாவைப் புளிக்க வைக்கக் கள்ளு வேண்டுமாம். கள்ளு என்றாலே முகத்தைத் திருப்புகிற உங்கள் தங்கையார், தன் கையாலேயே முட்டியைத் தந்து என்னைக் கள்ளுத் தவறணைக்கு அனுப்புகிறார். படலையடியில் நிறுத்தி ஒன்று மட்டும் சொன்னார்: "ஒரு வாய் குடிச்சிட்டு வந்தாலும் பரவாயில்லை. உருக்கிறதுக்கெண்டு அங்க கிடக்கிற வெறும் போத்தலுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்திராதேங்கோ."