மேற்றிராணியார் மோதிரமும் இரண்டு விரற்கடையும்

பக்திமான் என்று பேர் எடுப்பது சுலபம். அந்தப் பேரைத் தொலைப்பதுதான் கஷ்டம். நான் படாத பாடு பட்டுத் தொலைத்தவன். அதற்காக வெட்கப்படுவேனா? மாட்டேன். தப்பு என்னுடையதே இல்லை, லென்ஸோடு வந்த விளக்கப் புத்தகத்தினுடையது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் மைசூரில் பள்ளிக்கூட வாத்தியார். கையில் ஒரு கேமரா, மண்டையில் அதைவிடப் பெரிய கனம். எங்கள் மாதா கோவில் திருவிழாவுக்கு வெளியூர் மேற்றிராணியார் (இப்போது ஆயர் என்கிறார்கள்) வந்திருந்தார். அவர் மோதிரத்தில் கடுகளவு மாதா சுரூபம் செதுக்கியிருந்தது. அதை விழா மலரின் அட்டையில் பெரிதாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் சவடால் விட்டிருந்தேன்.

அன்றைக்கே நஞ்சன்கூடு போஸ்ட்மாஸ்டர் சவரிமுத்து மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார். மாப்பிள்ளை நான்தான். அவர் மகள் பிலோமினாவை ஒரு கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது, ருசிக்கவில்லை.) அவர் சரி என்று சொன்னால்தான் எனக்கு வாழ்க்கை.

சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்க, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே வளையங்களைத் திருக வேண்டும். அப்போது பொருள் ஒன்பது அங்குலத்தில் இருக்க வேண்டும் என்றது புத்தகம். மரியாதையான தூரம்தான். பூசை முடிந்து மேற்றிராணியார் பந்தலில் உட்கார்ந்தார். மோதிரத்தை முத்தமிட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நான் முதலில் அனுமதி வாங்கி, அவர் முன்னால் முழந்தாளிட்டு, அவர் கைக்கு ஒன்பது அங்குலம் விட்டு, கேமராவின் மேலே இருக்கும் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தேன். வெறும் மூட்டம்.

நெருங்கினேன். மூட்டம். இன்னும் நெருங்கினேன். சண்டாளப் புத்தகம்! அந்த ஒன்பது அங்குலத்தை லென்ஸ் முனையிலிருந்து அளக்காமல், உள்ளே இருக்கிற பிலிமிலிருந்து அளந்திருக்கிறார்கள். முக்கால்வாசியை வளையமும் லென்ஸுமே விழுங்கிவிட, மோதிரத்துக்கு மிச்சம் இரண்டு விரற்கடை. அதோடு போயிற்றா? பேருக்கு அது ஐம்பது மில்லி லென்ஸ். வளையம் ஏறியதும் நூற்றைம்பது மில்லி போல நடந்துகொண்டது. அவ்வளவு நீளம் தாண்டிப் பிலிமுக்கு வந்து சேர்ந்த வெளிச்சம் போதவில்லை. ஷட்டரைத் திறந்து வைத்து, “ஒண்ணு… ரெண்டு…” என்று முணுமுணுத்தபடி எண்ணவேண்டி வந்தது. ஒரு படத்தோடு விடுகிற ஆளா நான்?

பின்னால் நின்ற ஜனங்களுக்குக் கேமரா தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மோதிரத்தின் மேல் கவிழ்ந்து எழுந்திருக்கவே மனமில்லாத என் முதுகும், ஜெபம்போல் கேட்ட முணுமுணுப்பும்தான்.

“சேசுவே! எம் புள்ளைக்குத் தேவ அழைத்தல் வந்துருச்சு!” என்று அம்மா அழுதுவிட்டாள்.

சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “குருமடத்துக்குப் போய்ச் சாமியாராகவேண்டிய பையனை நாம சம்சாரத்துல இழுத்து விடறதா? பேடாம்மா, இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

“சார், அது பக்தி இல்ல, லென்ஸு!” என்று பந்தல் அதிரக் கத்தினேன்.

“பாத்தீங்களா, என்ன அடக்கம்!” என்றார் அவர்.

விடுவேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு நஞ்சன்கூட்டுக்கு ரயிலேறினேன். “உங்க மக மோதிரத்தைப் படம் எடுக்கறேன். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, பக்தியா லென்ஸான்னு” என்றேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ! பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அதே முழந்தாள், அதே குனிவு, அதே முணுமுணுப்பு. அவள் விரல் சிரிப்பில் நடுங்கியது.

“ஏய், ஏய்! எவ்வளவு கிட்டப் போறே?” என்று பதறினார் சவரிமுத்து.

“ரெண்டு விரக்கடை சார். லென்ஸ் கேக்குது.”

“ஜன்னல்ல தெருவே பாக்குதய்யா! சாமியாராப் போறவன் பண்ற வேலையா இது? தேதி குறிக்காம நீ இந்த வாசப்படி தாண்டக் கூடாது!”

மேற்றிராணியார் மோதிரம் மலர் அட்டையில் ஜம்மென்று வந்தது. பிலோமினா மோதிரம்தான் கலங்கிப்போயிற்று. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தக் கலங்கின படம்தான்.

இன்றைக்கும் நான் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால், பேரப்பிள்ளைகள் எதிரிலேயே, “ஒம்பது அங்குலம், சாமியாரே!” என்பாள் பிலோமினா. அதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டுமே. நான் நகர மாட்டேன்.

“எங்கேருந்து அளக்கறே?” என்று கேட்பேன்.