ஞாயிறுதோறும் ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்

"மறுபடியும் நின்னுடுச்சு மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

திரையின் நடுவில் அம்புக்குறி ஆணி அடித்தாற்போல நின்றது. மாப்பிள்ளை மவுஸை உருட்டினார், தட்டினார், கவிழ்த்து அதன் வயிற்றைப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஓ.எஸ். போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்று சாப்பாட்டு மேசையில் வாயை விட்டவர் மாப்பிள்ளைதான். ஆபீஸ் நண்பர் போனில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்ட சீட்டைப் பார்த்து, அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து போட்டும் விட்டார். ஓடியது. அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் குதிரை படுத்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு ஹேங்.

அவருடைய சங்கடம் கம்ப்யூட்டர்கூட இல்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது "பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்" என்று அவருடைய அப்பா சொன்னது பொய்யில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் இருந்தார். அங்கே நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மாடியில் எத்தனை நாற்காலி, எதற்குச் சக்கரம் போச்சு, எதற்குக் கை ஆடுகிறது என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மாமனார் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்றுதான் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் மனைவியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி, சமையலறை வாசலில் வைத்து.

"மூணு வருஷம் கழிச்சா? உங்கப்பா மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"இப்ப மட்டும் எப்படி முழிக்கறீங்களாம்? பூனை மாதிரிதான்."

ரோஷத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். குழாயைத் திறந்துவிட்டு ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டார்.

"சூடாகுதோ என்னவோ. உள்ள ஃபேன்ல தூசி இருக்கும், தட்டு" என்றார் நண்பர். "ஆமா, என்ன அங்க மழையா?"

மாப்பிள்ளை பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே மாமனார் சரியான ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். மாப்பிள்ளை மாமியாரின் ஹேர் டிரையரை வாங்கி உள்ளே ஒரு ஊது ஊதினார். தூசி மொத்தமும் எழுந்து, மாமியார் அப்போதுதான் மடித்து அடுக்கிய துணிகளின்மேல் போய் உட்கார்ந்தது.

"அதனால என்ன, திரும்பத் துவைச்சாப் போச்சு" என்றார் மாமியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெட்டியை மூடியபோது இரண்டு திருகாணிகள் மிஞ்சின. சட்டைப் பைக்குள் தள்ளினார். கம்ப்யூட்டர் உயிரே பெறவில்லை. திறந்து, கழன்றிருந்த ஒரு வயரைச் செருகினார். உயிர் வந்தது, ஆனால் சத்தம் போய்விட்டது. மறுபடி குளியலறை, மறுபடி குழாய். நண்பர் சொன்ன எதையோ அமுக்க, சத்தம் வந்தது. படம் தலைகீழாகப் போயிற்று. வேறு வழி தெரியாமல் மானிட்டரையே தலைகீழாகக் கவிழ்த்துச் சுவரில் சாய்த்தார்.

"இப்ப நேராத்தானே தெரியுது மாமா?"

"பிரமாதம்" என்றார் மாமனார்.

அதே நிமிடம் அது ஹேங் ஆனது.

ஒவ்வொரு ஹேங்குக்கும் மாமனார் முகத்தில் ஒரு மலர்ச்சி. அது நக்கல் என்றே மாப்பிள்ளைக்குப் பட்டது.

"விடுங்க மாப்பிள்ளை, அவசரமே இல்லை. டீ குடிங்க. இன்னிக்கு முடியலைன்னா அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம். அதுக்கடுத்த ஞாயிறும் இருக்கு."

ஆயுள் தண்டனை! மாப்பிள்ளை பெட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இதை எங்க ஆபீஸ் லேப்ல வச்சுத்தான் பார்க்கணும் மாமா."

மாமனார் முகம் செத்துவிட்டது. "வெளியில எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? இங்கயே உட்கார்ந்து பார்க்கலாமே!" என்று பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை விடவில்லை. ஒரு போர்வையைப் போர்த்தி, நோயாளியைத் தூக்கிப் போவதுபோல் படியிறங்கினார்.

லேப் என்பது இரண்டு தெரு தள்ளியிருந்த ரிப்பேர் கடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகையை உருவினார். வேறொன்றைச் செருகினார். மொத்தம் இரண்டு நிமிடம். கம்ப்யூட்டர் குதிரையாக ஓடியது.

"மெமரி கெட்டிருக்கு, அதான் ஹேங்" என்றவர், உருவியதைத் திருப்பிப் பார்த்தார். "அட, இது நம்ம கடை ஸ்டிக்கர்!"

மூன்று ஞாயிற்றுக்கிழமையின் அவமானம் மாப்பிள்ளைக்கு உச்சந்தலையில் ஏறியது. "ஏங்க, கெட்டுப்போனதை எங்க மாமனார் தலையில கட்டினது நீங்கதானா?"

"ஓ, அந்த மாப்பிள்ளை நீங்கதானா! நான் எங்க சார் கட்டினேன், 'ஓ.எஸ். போட்ட அன்னிக்குத்தான் பொண்ணும் மாப்பிள்ளையும் சாயங்காலம் வரைக்கும் வீட்ல இருந்தாங்க, கெட்டுப்போனதாப் பார்த்து ஒண்ணு குடு'ன்னு அவரே வாங்கிட்டுப் போனார், 'மாப்பிள்ளை கண்டுபிடிச்சுட்டா?'ன்னேன், 'அவர் நாற்காலி டிபார்ட்மெண்ட்டுப்பா, பயமில்லை'ன்னுட்டார்!"