நாலு பிரவுசரும் நாலு ஞாயிறும்

இசக்கிதுரை வாழ்க்கையில் பொய் சொன்னதே கிடையாது. உண்மையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வான், அவ்வளவுதான்.

வல்லம் வடகாலில் கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எது கெட்டாலும் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பது உத்தியோகம். மனைவி மதிவதனிக்குப் பென்னலூர். கல்யாணத்துக்கு முன்னால் செல்போன் கம்பெனி லைனில் நாலு வருஷம் நின்றவள். இப்போது படப்பையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். தைத்ததையெல்லாம் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுவாள். இசக்கிதுரை அவளுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்து, அந்தப் படங்கள் தானாக வந்து நிற்கும்படி ஓரத்தில் ஒரு ஃபேஸ்புக் பெட்டியும் பதித்திருந்தான்.

2012 ஆவணியில் அந்தப் பெட்டி நாலு பிரவுசரில் நாலு விதமாக மக்கர் பண்ணியது. நரிப் படம் போட்ட பிரவுசரில் பேர் வந்தது, படம் வரவில்லை. நீல எழுத்து போட்டதில் வெறும் வெள்ளை. கலர் சக்கரத்தில் பாதி பிளவுஸ், கையில்லாமல். சிவப்பு வளையத்தில் பெட்டி பக்கத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதே வாரம் மாமியார் தாயாரம்மாள் சொல்லியனுப்பினாள். கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடப் பென்னலூரில் வரிசையாக நாலு ரூம் கட்டியிருந்தாள். மழைக்கு முன்னால் வெள்ளையடித்தால்தான் ஆள் வைக்கலாம். வெள்ளையடிக்கிற கோதண்டராமன் இப்போது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, பிரஷ்ஷைத் தொடுவது கௌரவக் குறைச்சல். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு.

"இந்த ஞாயிறு என்னால வர முடியாது மதி. பெட்டியச் சரி பண்ணணும்லா."

"பெட்டி இன்னா ஓடியா போவப்போவுது?"

"ஒன் பொழப்பு அதுலதான கெடக்கு! ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒவ்வொரு குணம். ஒண்ணுல நல்லாத் தெரிஞ்சாப் போதாது. நாலு பக்கமும் நின்னு பாத்தாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மதிவதனி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். மனைவி அப்படிக் கேட்டால் உஷாராக வேண்டும். இவனோ பெருமைப்பட்டான்.

அவள் அம்மா வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பத்தே நிமிஷத்தில் தப்பு அகப்பட்டது. போன வாரம் பெட்டியை இடம் மாற்றி, அதற்கான புரோகிராம் வரிகளை மறுபடி ஒட்டும்போது கடைசி வரியை விட்டிருக்கிறான். அதைச் சேர்த்தால் நாலிலும் வந்துவிடும். வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு சுண்ணாம்பு. ஆகவே சேர்க்கவில்லை. கிரிக்கெட் பார்த்தான், தூங்கினான், மறுபடி கிரிக்கெட் பார்த்தான். சாயங்காலம், கம்பெனியில் மூலகாரணம் தேடப் போடுகிற மாதிரி ஒரு மீன்முள் படம் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினான். முள்ளுக்கு ஒன்றாகச் சந்தேகங்கள்: ஆள், மிஷின், முறை, பொருள். மிஷினைச் சிவப்பில் வட்டமிட்டான்.

"இன்னாங்க, சரியாச்சா?" என்றாள் திரும்பி வந்தவள்.

"நரியச் சரி பண்ணினா நீலம் கோவிச்சுக்கிடுது. ஆராய்ச்சி நடக்கு."

"நடக்கட்டும், நடக்கட்டும்."

ஆராய்ச்சி நாலு ஞாயிறு நடந்தது. பென்னலூரில் நாலு ரூமும் அப்படியே நின்றன.

நாலாவது ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்கு மதிவதனி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "ஒரகடத்துல ஒரு கம்பெனி எச்.ஆர். மேடம்! ஆயுத பூஜைக்கு நாப்பது பொண்ணுங்களுக்கு ஒரே மாரி பிளவுஸ். எட்டு மணிக்கு நம்ம சைட்டைப் பாக்கறாங்களாம்."

"எந்த பிரவுசர்ல?"

"அது இன்னா எனக்குத் தெரியுமா? பெட்டி காலியா இருந்தா ஆர்டர் அடுத்த தெரு கிளியம்மாளுக்குப் போயிடும்."

இசக்கிதுரை டி.வி.யை அணைத்தான். சோம்பேறிதான், ஆனால் அவள் தையல் மேல் அவனுக்கு உண்மையிலேயே கர்வம் உண்டு. இடுப்பு வலியோடு அவள் மிஷின் மிதிப்பதைப் பார்த்தவன். கிளியம்மாள் தைக்கும் பிளவுஸில் இடது கை எப்போதும் ஒரு விரல் நீளம். அவளிடமா தோற்பது? பாய்ந்து உட்கார்ந்தான். விட்ட வரியைச் சேர்த்தான். நரி, நீலம், சக்கரம், வளையம் நாலையும் திறந்து காட்டினான். நாலிலும் பிளவுஸ்கள் கையோடு வந்து நின்றன.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுட்டு! பாத்தியா ஒன் மாப்ளய!"

மதிவதனி கையிலிருந்த செல்போனில் ஒரு பட்டனை அழுத்தினாள்.

"பதினோரு நிமிசம்."

"என்னது?"

"லைன்ல எங்க சூப்பர்வைசர் பின்னாடி நின்னு ஒரு பீஸுக்கு எவ்ளோ நேரம்னு இப்டித்தான் சைக்கிள் டைம் எடுப்பாரு. பதினோரு நிமிச வேலைக்கு நாலு ஞாயித்துக்கெழம. எங்க லைனா இருந்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிருப்பாங்க."

இசக்கிதுரை பேச்சை மாற்றினான். "அத விடு. மொதல்ல மேடத்துக்குப் போனப் போடு, எட்டு மணிக்குள்ள சொல்லிரணும்லா."

"எந்த மேடம்?"

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். மீன்முள் படத்தில் மிஷின் மேலிருந்த வட்டத்தை அடித்துவிட்டு, ஆளைச் சுற்றி அழுத்தமாக ஒன்று போட்டாள்.

அடுத்த ஞாயிறு பென்னலூரில் முதல் ரூம். இசக்கிதுரை யோசித்து வேலை செய்தான். வாசலில் நின்றால் கண்ணில் படுகிற சுவரைப் பளிச்சென்று அடித்தான். மற்றதைத் தொடவில்லை. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"ஆச்சு அத்தை!"

தாயாரம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "சோக்கா கீது மாப்ளே."

அவன் கை கழுவப் போனான். மதிவதனி அம்மாவின் கையைப் பிடித்து, பின்பக்க ஜன்னலுக்கு அழைத்துப்போனாள்.

"ஐயே! இங்கேர்ந்து பாத்தா ஒண்ணுமே இல்லாம காலியா கீதே!"

மதிவதனி பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் முக்கி அவனிடம் நீட்டினாள். "நாலு பக்கமும் நின்னு பாத்தாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீங்க சொன்னதுதாங்க."