காத்தாடியார் கொடுத்த கரண்ட்

எண்பதுகளில் மாரண்டஹள்ளியில் அடித்த காற்று முழுவதும் ஒரே மனிதருக்குச் சொந்தமாக இருந்தது. பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் காத்தாடியார். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். மின்சார ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தலைவலியாக இருப்பது உபதொழில்.

ஆள் ஓர் இடத்தில் நிற்கமாட்டார். சவரக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே வேப்பமரம் அசைவது தெரிந்தால் போதும், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வீட்டுக்கு ஓடுவார். மகள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரத்தில் காற்று எழும்ப, தட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்தார்.

காரணம் மொட்டைமாடியில் இருந்தது. தகர டிரம்மை வெட்டி இறக்கை செய்து, பழைய மோட்டாரில் பூட்டி, அதை நேராக வீட்டு லைனில் கோத்திருந்தார். பலமாகக் காற்றடித்தால் மீட்டர் பின்பக்கமாக ஓடும்.

"சார், ஓடியாங்க! என் காத்து உங்க லைன்ல போவுதுங்க!"

"கழட்டுங்க காத்தாடியாரே. எங்களுக்கு வேணாம்."

"உங்களுக்கு யாரு குடுத்தா? ஊருக்குக் குடுக்கறேன். அதோ அந்தத் தெருவிளக்குல பாதி என்னுதுங்க!"

அப்போது மணி பகல் பன்னிரண்டு. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் அவர் தெருவில் கம்பி பழுது. லைன்மேன் மரியதாஸ் டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். கம்பம் ஏறும் முன் கம்பிமேல் இரும்புச் சங்கிலியை வீசிப் பார்ப்பது அவர் வழக்கம். கரண்ட் இல்லாத கம்பிக்கு எதற்கு இந்த மாலை என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அன்று சங்கிலி பட்டதும் படபடவென்று பொறி பறந்தது. வீசாமல் ஏறியிருந்தால் மரியதாஸ் இல்லை.

"சப்ளை ஆப் பண்ணியாச்சு! எவன் வூட்டுலய்யா காத்தை ஆப் பண்ணல?" என்று கத்தினார்.

நான் மாடிக்கு ஓடினேன். காத்தாடியார் சுழன்ற இறக்கையை வெறுங்கையால் பிடித்து நிறுத்தியிருந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

"லைன்ல கரண்ட் இல்லாட்டி மோட்டார்லயும் வராதுங்க. பவர்கட்டுலயும் வூட்டுல லைட்டு எரியட்டும்னு நேத்துதான் கண்டென்சர் போட்டேங்க. அது கம்பத்துக்கும் போவும்னு தோணலீங்களே சார்!" அழுதுவிட்டார்.

அன்றே ஒயரை வெட்டிச் சுருட்டி எடுத்து வந்தேன். இறக்கை மட்டும் மாடியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் மரியதாஸ் ஊரில் எந்தக் கம்பத்தில் ஏறினாலும் காத்தாடியார் வேலையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவார். இறக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஒயரே இல்லியே, அப்புறம் எதுக்குங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மொதல்ல தாஸை எறங்கச் சொல்லுங்க சார்" என்றார், கம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓர் இடத்தில் நிற்காத அந்த மனிதர் அசையாமல் நின்றது அப்போது மட்டும்தான். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனதும் அப்போதுதான்.